செங்கல்பட்டு நேரத்தில் ஓடிய ஒரே வேலை

கணினிக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொன்ன நேரத்தில் அதைச் செய்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். செய்துவிட்டால் என்னை யாருக்கும் ஞாபகம் வராது. செய்யாவிட்டால் கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கெல்லாம் என் பெயர் தெரிந்துவிடும். சிறுசேரியிலும் நாவலூரிலும் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கிற சக துன்பவாசிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முள்ளை நகர்த்தும் தேசம்

இங்கிலாந்தில் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை நகர்த்துவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு விடிவதற்குள் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதைப் பழையபடி பின்னால் இழுத்துவிடுவார்கள். கோடைக்கால வெளிச்சம் வீணாகக் கூடாதாம். நமக்கு வெயிலுக்கு என்ன பஞ்சம்? நாம் முள்ளைத் தொடுவதில்லை. ஆனால் அவர்கள் தொட்டால் எங்கள் ஷிப்ட் மாறும், ஷிப்ட் மாறினால் கம்பெனி வண்டி வரும் நேரம் மாறும், வண்டி மாறினால் வீட்டில் இட்லிப் பானை அடுப்பில் ஏறும் நேரமும் மாறும். எவனோ ஒருவன் சுவரில் முள்ளைத் திருப்புகிறான், திருக்கழுக்குன்றத்தில் என் மனைவி எழுந்திருக்கிறாள்.

எங்கள் வண்டி ஓட்டுநர் ஏகாம்பரத்துக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. செங்கல்பட்டில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, திருப்போரூர் வழியாகச் சிறுசேரி போக வேண்டியவர். ஸ்டெல்லா என் குழுவில் இருக்கிறவள்; அவளைப் பற்றித்தான் பின்னால் நிறையச் சொல்லப்போகிறேன். ஒரு மார்ச் ஞாயிறு, கோயில் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, இந்த முன்னே பின்னே விவகாரத்தை ஏகாம்பரத்துக்கு விளக்கினேன். இப்போது எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்தை ஐப்பசியில் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“குட்த்துருவாங்கோ சரி சார், அதுவரிக்கும் வச்சிகினு கீறதுக்கு வட்டி இன்னா தருவாங்கோ?”

யாருக்கும் மணி அடிக்காத காலை

நாங்கள் எந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வயதானவர்கள் பலர் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு ஊரில், அல்லது பிள்ளைகளே இல்லை. அவர்களுக்குத் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்து நலம் விசாரிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. விசாரிப்பது மனிதர் இல்லை, கணினி. போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினால் நலம் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் இன்னும் இரண்டு முறை அடிக்கும். அப்போதும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கோ உறவினருக்கோ தகவல் போகும். அவர் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஒரு கிழவருக்கு, இந்த ஒரு போன்தான் வெளி உலகம். அது அடிக்காவிட்டால் அவர் கிடக்கிற இடத்திலேயே கிடப்பார். இந்த வேலையில் உட்காருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இதைத்தான்.

அன்றன்று யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற பட்டியலை இன்னொரு வேலை முன்கூட்டியே தயாரிக்கும். அதற்கு யாரோ ஒரு புண்ணியவான் அவர்கள் ஊர் நேரப்படி இரவு ஒன்றரை மணியைக் குறித்து வைத்திருந்தார். மார்ச் கடைசி ஞாயிறு அந்த ஊரில் ஒன்றரை மணி என்பதே கிடையாது. ஒரு மணி ஆனதும் கடிகாரம் நேராக இரண்டுக்குத் தாவிவிடும். கணினி ஒன்றரைக்காகக் காத்திருந்தது, ஒன்றரை வரவில்லை, அது பாட்டுக்குச் சும்மா இருந்துவிட்டது. பட்டியல் இல்லை. எட்டு மணிக்கு ஒருவருக்கும் போன் போகவில்லை. எங்கள் திரையில் சிவப்பு நிறமும் இல்லை. நடக்காத ஒன்று தவறிவிட்டது என்று எந்த இயந்திரம் சொல்லும்?

விஷயம் தெரிந்து, பட்டியல் வேலையைக் கையால் ஓட்டி, எல்லோருக்கும் போன் போய்ச் சேரும்வரை நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்லவேளை, அன்று யாரும் விழவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தில் எங்களோடு தொடர்பில் இருந்த மார்கரெட் என்ற அம்மாள் ஒரு செய்தி சொன்னார். எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு மூதாட்டி அவர்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறார். புகார் சொல்ல இல்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

“இன்று எனக்குப் போன் வரவில்லையே, அங்கே உங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?”

இரண்டு முறை நலமா?

அதே வருஷம் அக்டோபரில் அதே பட்டியல் வேலை பழிவாங்கியது. முள்ளைப் பின்னால் இழுக்கிற அந்த ஞாயிறு, ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். கணினிக்கு என்ன தெரியும்? இரண்டு ஒன்றரைக்கும் இரண்டு பட்டியல் தயாரித்தது. நாங்கள் மார்ச்சுக்குத்தான் பாதுகாப்பு போட்டிருந்தோம், அக்டோபரை மறந்திருந்தோம். எட்டு மணிக்கு எல்லோருக்கும் போன் போனது. நலம் என்று சொல்லிவிட்டு வைத்தவர்களுக்கு உடனே இன்னொரு போன் போனது.

இதில் யாருக்கும் ஆபத்தில்லை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். மார்கரெட் சிரிக்கவில்லை. இரண்டாவது போனில் பயந்துபோனவர்கள் இருக்கிறார்களாம். தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள், மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுத ஓர் அம்மாவும் இருக்கிறாராம். அதைக் கேட்டதும் எங்கள் வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் வேலையை வம்பில்லாத வேறு மணிக்கு மாற்றிவிட்டோம். வாடிக்கையாளர் ஒருவர் எழுதி அனுப்பியிருந்ததை மார்கரெட் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்:

“நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டீர்களா?”

ஆர்தர்

ஒரு குளிர்காலத்தில் ஆர்தர் என்று ஒரு பெரியவர் புதிதாகச் சேர்ந்தார். கிராமத்தில் தனி வீடு, பின்னால் கோழிகள். மார்ச் வரை தினமும் ஒழுங்காகப் போனை எடுத்தார். கடிகாரம் மாறிய நாளிலிருந்து எடுப்பதில்லை. தினமும் எச்சரிக்கை போகும். தினமும் பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிப் பார்ப்பார். தினமும் ஆர்தர் தோட்டத்தில் கோழிகளோடு சௌக்கியமாக நின்றுகொண்டிருப்பார்.

மார்கரெட் விசாரித்ததில் தெரிந்தது, அவர் வீட்டுக் கடிகாரத்தை வருஷம் முழுவதும் மாற்றுவதே இல்லை. நாட்டுக்கு எட்டு என்றால் அவருக்கு ஏழு. அவருடைய ஏழு மணிக்குக் கோழிகளைத் திறந்துவிட்டு, தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, எட்டு மணிக்குத்தான் டீ குடிக்க உள்ளே வருவார். கைபேசியும் கிடையாது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அலுத்துவிட்டது. முதல் வாரம் ஓடியவர், இரண்டாவது வாரம் நடந்தார், மூன்றாவது வாரம் ஜன்னல் வழியாகக் கோழிகளைப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். என்றைக்காவது ஒருநாள் ஆர்தர் நிஜமாகவே விழுந்தால் அன்று யார் வருவார்கள்? கடிகாரத்தை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று மார்கரெட் கெஞ்சியிருக்கிறார். அவர் சொன்ன பதிலை எங்கள் வரிசையில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தோம்:

“நேரத்தை மாற்றியது நீங்கள். கோழிகளைப் பட்டினி போட்டுவிட்டு வந்து போனை எடுக்க வேண்டியது நானா?”

செங்கல்பட்டு நேரம்

ஒவ்வொரு வேலைக்கும் எந்த ஊர் நேரம் என்று குறிக்க எங்கள் மென்பொருளில் ஓர் இடம் உண்டு. அதில் நாங்கள் யாரும் கை வைப்பதில்லை. வாடிக்கையாளர் ஊர் எதுவோ அதுவேதான் இருக்கும். ஸ்டெல்லாதான் கேட்டாள்: “அண்ணா, அவுருக்கு மட்டும் தனியா ஒரு வேல போட்டு, அதுக்கு நம்ப டைம வச்சா இன்னா? நம்ப கடியாரமும் மாறாது, அவுருதும் மாறாது. அவுருக்கு எட்டுன்னா நமக்கு என்னிக்கும் மத்தியானம் ஒன்றரைதான்.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லண்டனுக்குப் பொருந்தாத அந்த மனிதர் எங்களுக்கு நிமிஷம் பிசகாமல் பொருந்தினார். எங்கள் மேனேஜருக்கு மட்டும் மனசு வரவில்லை. ஒரு நாட்டுக்கே ஒரு நேரம் இருக்கும்போது ஒரு கிழவருக்கு மட்டும் செங்கல்பட்டு நேரமா, நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று நான் சொன்ன பிறகு, முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

அன்றிலிருந்து கோடையில் நம் நேரப்படி எல்லோருக்கும் பன்னிரண்டரைக்குப் போன் போகும், ஆர்தருக்கு ஒன்றரைக்கு. எங்கள் சாப்பாட்டு நேரம் அது. திரையில் அவர் வரிசை பச்சையானதும் ஸ்டெல்லா “பெரியவரு டீ குடிக்க வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாள். தவறான எச்சரிக்கை ஒன்றுகூடப் போகவில்லை. முகம் தெரியாத ஒருவரோடு இப்படி ஒரு பழக்கம் உண்டாகும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

உங்களுக்குப் போன் இப்போது இந்தியக் கடிகாரத்தைப் பார்த்து வருகிறது என்று மார்கரெட் ஆர்தரிடம் சொன்னாராம். அதற்கு அவர் சொன்னது:

“நேரத்தை மாற்றாத தேசம் ஒன்று இருக்கிறதென்று இத்தனை வருஷமாக எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!”

குருத்தோலை ஞாயிறு

அடுத்த வருஷம் முள் நகர்ந்த ஞாயிறு, குருத்தோலை ஞாயிறாகவும் அமைந்தது. ஸ்டெல்லா விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, குருத்தோலையில் முடைந்த சிறு சிலுவையை அடையாள அட்டையோடு செருகிக்கொண்டு வண்டி ஏறினாள். மார்கரெட் அன்று விடுப்பு. அங்கே வேறொருவர் பொறுப்பில் இருந்தார்.

கடிகார ஞாயிறுக்கு என்று அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோன நாள், பாதிப் பேர் எட்டு மணிக்கு எழுந்திருக்க மாட்டார்கள். போன் எடுக்காத எல்லோர் வீட்டுக்கும் ஆள் அனுப்பினால் ஊரே அல்லோலகல்லோலப்படும். அதனால் அன்று மட்டும் எச்சரிக்கைகள் அனைத்தையும் அவர்கள் ஊர் உச்சிவேளை வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நாங்களும் நிறுத்தி வைத்தோம். பன்னிரண்டரைக்குப் போன்கள் போயின. எதிர்பார்த்தபடி ஏகப்பட்ட பேர் எடுக்கவில்லை. திரை முழுக்க மஞ்சள் நிறம்.

ஒன்றரைக்கு ஆர்தருக்குப் போன் போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் இல்லை. அவர் வரிசையும் மஞ்சளாகி, மற்ற மஞ்சள்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

ஸ்டெல்லா டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். “அண்ணா, பெரியவரு எடுக்கல.”

“இன்னைக்கு யாருதான் எடுத்தாங்க?” என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

“அவுங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் போயிடுச்சி. தூங்கிகினு கீறாங்கோ. இவுருக்கு இன்னா போச்சி? நேத்திக்கும் இன்னிக்கும் இவுருக்கு இன்னா மாறுச்சி சொல்லு?”

அந்த நாட்டில் அன்று கடிகாரத்தைக் காரணம் சொல்ல முடியாத ஒரே வீடு அதுதான்.

பொறுப்பிலிருந்தவரைக் கூப்பிட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். இன்று கடிகார ஞாயிறு அல்லவா, உச்சிவேளை வரை பொறுங்கள், விதி அப்படி என்றார். அவருக்கு ஆர்தரைத் தெரியாது. நான் விளக்க விளக்க, இந்தியாவில் இருக்கிறவனுக்கு இது புரியவில்லை என்ற தொனி அவர் குரலில் ஏறிக்கொண்டே போனது. ஸ்டெல்லா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: “சார், இவர் கடிகாரத்தை மாற்றுவதில்லை. இவருக்கு இது சாதாரண ஞாயிறு. சாதாரண ஞாயிறு ஒருவர் போனை எடுக்காவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“ஆள் அனுப்புவேன்” என்றார். “அனுப்புங்கள்” என்றாள் ஸ்டெல்லா.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடியிருக்கிறார். நடக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இல்லை. ஒரு வருஷமாக ஒரு பொய்யான தகவலும் வராததால், வந்த தகவலை நம்பி ஓடியிருக்கிறார். கோழிக்கூடு திறக்கப்படவில்லை. கதவை உடைத்து உள்ளே போனால், ஆர்தர் சமையலறைத் தரையில் கிடக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் விழுந்தவர். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தாலும் நினைவு இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்று தகவல் வந்தபோது ஸ்டெல்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தான். உள்ளே போனவரிடம் ஆர்தர் சொன்ன முதல் வார்த்தையைப் பொறுப்பிலிருந்தவர் எங்களுக்கு அப்படியே சொன்னார்:

“போன் அடித்தது. மூன்று தடவையும் கேட்டுக்கொண்டேதான் கிடந்தேன்.”

வேலை முடிந்தது

ஆர்தரால் அதற்குப் பிறகு தனியாக இருக்க முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இல்லத்தில் ஆள் இருப்பதால் போன் தேவையில்லை. ஆர்தரின் வேலையை நிறுத்தி மட்டும் வைத்தோம். வீட்டுக்குத் திரும்புவார் என்று ஸ்டெல்லா நம்பினாள். நானும் அவள் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அக்டோபரில் முள்ளைப் பின்னால் இழுத்த ஞாயிறு, இல்லத்துச் சுவர்க்கடிகாரத்தை ஒரு செவிலியர் ஏணியில் ஏறித் திருத்தினாராம். படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆர்தர், கடைசியில் எல்லோரும் என் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள் என்று சொல்லிச் சிரித்தாராம். இதை மார்கரெட் போனில் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்தே இன்னொரு செய்தி வந்தது. ஆர்தர் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த வேலையை எடுத்துவிடுங்கள் என்று மார்கரெட் கேட்டுக்கொண்டார்.

ஒரு வேலையை அழிக்கும்போது மென்பொருள் காரணம் கேட்கும். நாங்கள் எப்போதும் போடுவது, இனித் தேவையில்லை என்பதுதான். ஆயிரம் தடவை யோசிக்காமல் போட்டிருக்கிறோம். ஸ்டெல்லா விசைப்பலகையில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கள் மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் நின்றார். நான் போடட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“தேவையில்லன்னு என்னால போட முடியாதுண்ணா. வேல முடிஞ்சிச்சின்னு போடறேன்.”

வருஷத்துக்கு இரண்டு முறை இடம் மாறிக்கொள்ளும் ஒரு தேசத்துக் கடிகாரத்துக்காக, இருந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பதற்குத்தான் நமக்கெல்லாம் சம்பளம் தருகிறார்கள், துன்பவாசிகளே.